ஆட்டைத் திருடிய அப்பா

தத்துவ வகுப்பில் ஒருநாள் நேர்மையைப் பற்றி விவாதம் போய்க்கொண்டிருந்தது. கன்பூசியஸ் சொன்ன ஒன்றை நான் எடுத்து வைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மாணவர், குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில்தான் கேட்டார்: "அது சீனர்களுடைய பண்பாடு, சரி. அதில் வாதம் எங்கே இருக்கிறது?" ஆசிரியர் லேசாகத் தலையசைத்துவிட்டு அரிஸ்டாட்டிலுக்குத் திரும்பிவிட்டார். அதே வாரம் சீன மொழித் துறையில் ஒரு தேர்வு. அங்கேயும் அதே பகுதியைக் கொடுத்து, "இது சீனக் குடும்ப வாழ்க்கையின் எந்தக் கூறுகளைக் காட்டுகிறது?" என்று கேட்டிருந்தார்கள். எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னது சரியா, தப்பா? அது அன்றிலிருந்து என் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

பகுதி இதுதான். கன்பூசியஸின் பேச்சுகளைத் தொகுத்த 'லுன்யூ'வின் 13-ஆம் பிரிவில் வருகிறது. ஷே என்ற பகுதியை ஆண்ட பிரபு கன்பூசியஸிடம் பெருமையாகச் சொல்கிறார்: எங்கள் பக்கத்தில் நேர்மையான ஒருவன் இருக்கிறான், அவனுடைய அப்பா ஆட்டைத் திருடியபோது அவனே சாட்சி சொன்னான். கன்பூசியஸ் பதில் சொல்கிறார்: எங்கள் பக்கத்தில் நேர்மையானவர்கள் வேறு மாதிரி. மகனுக்காக அப்பா மறைப்பார், அப்பாவுக்காக மகன் மறைப்பான். நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது. அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, அடுத்த பேச்சு தொடங்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு "ஓ, சீனர்கள் குடும்பத்துக்கு முக்கியத்துவம் கொடுப்பவர்கள்" என்று குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்ப முடிகிறது என்றால், அந்த மனிதரை நாம் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒருவர் நம் முகத்துக்கு நேரே "மறைப்பதுதான் நேர்மை" என்று சொன்னால் நாம் சண்டைக்குப் போவோம், இல்லை ஏன் என்று கேட்போம். குறிப்பு எடுத்துக்கொண்டு போய்விட மாட்டோம்.

ஒரே நாளில் இரண்டு வயது

தத்துவத்தையும் சீனத்தையும் சேர்த்துப் படிப்பதில் நேரம்தான் பெரிய பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். நேரம் போதாது என்பது உண்மைதான். ஆனால் அதைவிடக் கஷ்டம், ஒரே நாளில் இரண்டு வயதில் இருக்க வேண்டியிருப்பது. காலையில் "நூலகம் எங்கே இருக்கிறது?", "என் தம்பிக்கு நீச்சல் பிடிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே 'மாய்'தான். மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. இதில் சறுக்காமல் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். மதியம் தத்துவ வகுப்புக்குப் போனால், வெளியுலகம் இருக்கிறதா என்று டேகார்ட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டும். காலையில் ஐந்து வயசு, மதியம் பெரிய ஆள். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வதே இல்லை. முதலிரண்டு ஆண்டுகள் இப்படித்தான் போகும். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல்தான் பலர் பாதியில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுமானம்.

அப்புறம் செவ்வியல் சீனம் வருகிறது. இன்றைய சீனத்தில் செய்தித்தாள் படிக்கத் தெரிந்தால் கன்பூசியஸையும் படித்துவிடலாம் என்று நம்பி வருகிறவர்களுக்கு அது பெரிய அடி. வாக்கிய அமைப்பு வேறு. ஒரே ஒரு எழுத்து ஒரு முழு வாக்கியத்தின் பாரத்தைச் சுமக்கும். பழைய பதிப்புகளில் நிறுத்தற்குறிகள் கிடையாது, எங்கே மூச்சு விடுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மூலம் பெரிய எழுத்தில் ஓடும், அதனிடையே உரை சிறிய எழுத்தில் இரட்டை வரிசையாக நுழைந்து நுழைந்து வரும். பரிமேலழகரைத் துணைக்கு வைத்துக்கொண்டு குறள் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மூலமும் உரையும் சேர்ந்ததுதான் நூல், உரையாசிரியர் வெறும் அகராதி இல்லை, அவரும் வாதத்தில் ஒரு ஆள் என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். சீன நூல்களை நெருங்குவதற்கு இந்தப் பழக்கம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

ஜூ ஷி (1130–1200) 'லுன்யூ'வுக்கு எழுதிய உரையைப் பிரித்ததும் ஆடு திருடிய கதை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 1313-இல் அரசு ஆணையால் தேர்வுப் பாடமாகி, 1905-இல் தேர்வுமுறையே ஒழிக்கப்படும் வரை சீனாவில் அதிகாரியாக விரும்பிய ஒவ்வொருவரும் கரைத்துக் குடித்த உரை அது. அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் மறைப்பது மனித இயல்பின் உச்சம், அதனால் நேர்மையாக இருக்க வேண்டும் என்று தேடிப் போகாமலே நேர்மை அதில் இருக்கிறது என்கிறார் அவர். கவனித்துப் பார்த்தால் இது குடும்பப் பாசத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. நேர்மையைக் குறிவைத்துப் போகிறவனுக்கும் வேறொன்றைச் சரியாகச் செய்யும்போது நேர்மை தானாக வந்து சேர்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய பேச்சு. சாட்சி சொன்ன மகன் முதல் வகை. மறைத்தவன் பொய் சொன்னான் என்றும் கன்பூசியஸ் சொல்லவில்லை. அவன் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாதம் எங்கே என்று கேட்ட அந்த மாணவருக்கு இதைத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும்.

கதை நின்ற இடத்தில் நிற்கவில்லை

வாதம் எங்கே என்று கேட்ட முதல் ஆள் அந்த மாணவர் இல்லை. ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் தன்னுடைய தத்துவ வரலாற்று விரிவுரைகளில், கன்பூசியஸை மொழிபெயர்க்காமலே விட்டிருந்தால் அவர் பெயருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்றே சொன்னார். ஹெகலுக்குச் சீனம் தெரியாது. அவருக்கு நூறாண்டுகளுக்கு முன் கிறிஸ்டியான் வோல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி நேரெதிராக இருந்தார். 1721-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில், கடவுள் வெளிப்பாட்டின் துணையில்லாமலே சீனர்கள் ஒழுக்கத்தைப் பகுத்தறிவால் எட்டியிருக்கிறார்கள் என்று உரையாற்றினார். அந்தப் பேச்சு கிளப்பிய பகை வளர்ந்து, 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று 1723-இல் பிரஷ்ய மன்னர் உத்தரவு போட்டார். வோல்ஃபுக்கும் சீனம் தெரியாது, லத்தீன் மொழிபெயர்ப்பில்தான் படித்தார். ஆனாலும் அவர் கன்பூசியஸ் சொன்னதை உண்மையாக இருக்கக்கூடிய ஒன்றாக எடுத்துக்கொண்டார். அந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

சீனத்தில் நேரடியாகப் படிக்கத் தொடங்கினால் கிடைக்கும் பெரிய லாபம், இந்தக் கதை கன்பூசியஸோடு நிற்கவில்லை என்று தெரிவதுதான். 'சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட்' என்ற இணையத் தொகுப்பில் அந்த மகனின் பெயரைத் தேடினால் போதும், கதை ஒவ்வொரு நூலாகத் தாவித் தாவிப் போவது தெரியும். கி.மு. 239 வாக்கில் தொகுக்கப்பட்ட 'லூஷி சுன்சியூ'வில் அவன் அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு, தண்டனை நிறைவேறப்போகும் நேரத்தில் அப்பாவுக்குப் பதில் தன்னைக் கொல்லச் சொல்கிறான். வெட்டப் போகும்போது, "திருட்டைச் சொன்னது வாய்மை, அப்பாவுக்காகச் சாகிறது பாசம். இரண்டும் உள்ளவனைக் கொன்றால் நாட்டில் யாரைத்தான் விடுவீர்கள்?" என்று கேட்கிறான். அரசர் விட்டுவிடுகிறார். கேள்விப்பட்ட கன்பூசியஸ், விசித்திரமான வாய்மை இது, ஒரே அப்பாவை வைத்து இரண்டு தடவை பேர் வாங்கிவிட்டானே என்கிறாராம். ஜூ ஷி பல நூற்றாண்டு கழித்து உரையில் சொன்னது இங்கே கதையாகவே இருக்கிறது.

சட்டத்தையே முதன்மையாக வைத்த பழைய சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் அதே கதையை எடுத்து முழுசாகத் திருப்பிப் போடுகிறார். அவர் சொல்லும் கதையில் அமைச்சர் அந்த மகனைக் கொல்லச் சொல்கிறார், அரசனுக்கு நேர்மையாக இருந்தவன் அப்பாவுக்குத் துரோகம் செய்தான் என்று. இப்படித் தண்டித்தால் இனி யார் குற்றத்தைச் சொல்ல வருவார்கள் என்பது ஹான் ஃபெய்யின் கேள்வி. அப்பாவுக்கு நல்ல மகனாக இருப்பதும் அரசனுக்கு நல்ல குடிமகனாக இருப்பதும் ஒத்துப்போகாது, இரண்டும் வேண்டும் என்று கேட்கிற அரசு உருப்படாது என்கிறார். கன்பூசியஸின் வழிவந்த மென்சியஸ் இன்னும் துணிச்சலாக, பழங்கதைகளில் வரும் பேரரசன் ஷுன்னின் அப்பா கொலை செய்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை எதிர்கொள்கிறார். நீதிபதி கைது செய்வதை ஷுன் தடுக்க மாட்டான். ஆனால் பிய்ந்த செருப்பை வீசுவதுபோல அரியணையை வீசிவிட்டு, அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கடலோரத்தில் வாழ்வான், நாட்டை ஆண்டதையே மறந்து சந்தோஷமாக இருப்பான்.

கி.மு. 66-இல் ஹான் பேரரசர் சுவான், பெற்றோரை மறைக்கும் பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது என்று ஆணையே போட்டார். 2002-இல் லியு சிங்பிங் என்ற தத்துவப் பேராசிரியர், ஷுன் செய்தது நல்லொழுக்கமா, ஊழலா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய அதிகாரிகள் சொந்தக்காரர்களைக் காப்பாற்றுவதற்கு இங்கேதான் வேர் இருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. வூஹான் பல்கலைக்கழகத்தின் குவோ சீயோங் உள்ளிட்டோர் பதிலுக்கு எழுத, அந்தச் சண்டை 2004-இல் தடித்த தொகுப்பாகவே வெளிவந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு மேல் ஓய்ந்தபாடில்லாத ஒரு வழக்கைப் பார்த்து "அது அவர்கள் பண்பாடு" என்று எப்படி ஒதுக்க முடியும்? அவர்களே அதில் ஒத்துப்போகவில்லையே.

ஒரு செய்தித்தாள் பக்கம்

இதெல்லாம் எனக்கு அறிவளவில்தான் இருந்தது, மூன்றாம் ஆண்டில் இன்றைய சீன வாசிப்பு வகுப்பில் ஒரு செய்தி நறுக்கு கையில் வரும்வரை. 2013-இல் வந்த செய்தி. வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும் துணைக்கூறுகளை அடிக்கோடிட வேண்டும், அதுதான் அன்றைய பயிற்சி. மொழி சிரமமாக இல்லை. அன்ஹுய் மாகாணத்தின் குஜென் என்ற ஊரில், 1970-இல், கலாச்சாரப் புரட்சியின் நடுவே, வீட்டுக்குள் ஒரு தாய் மாவோவை விமர்சித்துப் பேசுகிறார். பதின்வயது மகனும் கணவரும் போய் அதிகாரிகளிடம் சொல்கிறார்கள். மகன் புகாரை எழுத்திலும் கொடுக்கிறான். இரண்டு மாதங்களில் அந்தத் தாய் சுட்டுக் கொல்லப்படுகிறார். 1980-இல் நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கிறது. மகன் வளர்ந்து வழக்கறிஞராகி, முதுமையில் தான் செய்ததைப் பொதுவெளியில் சொல்லி, அம்மாவின் கல்லறையைப் பாதுகாக்கச் சட்டப் போராட்டம் நடத்துகிறார்.

அடிக்கோடிட்டுக்கொண்டே வந்த பென்சில் ஒரு தொடரில் நின்றது. 'தாயீ மியெச்சின்.' பெரிய அறத்துக்காக உறவை அழிப்பது. அவன் செய்ததை அன்று பாராட்டியவர்கள் கையில் எடுத்த தொடர் அது. எனக்கு அதை ஏற்கெனவே தெரியும், செவ்வியல் வகுப்பில் படித்திருந்தேன். 'சுவோ ஜுவான்' என்ற பழைய வரலாற்று நூலில், கி.மு. 719-இல் நடந்த சம்பவத்தில் வருகிறது. வெய் நாட்டின் மூத்த அமைச்சர் ஷி சுவே, அரசரைக் கொன்றவனுக்குத் துணைபோன தன் சொந்த மகனை அயல்நாட்டில் பிடிக்க வைத்து, தன் ஆளையே அனுப்பிக் கொல்லச் செய்கிறார். அவரைப் புகழ்ந்து எழுதப்பட்ட தொடர்தான் அத்தனை நூற்றாண்டுகளைக் கடந்து வந்து ஒரு சிறுவன் தன் தாயைக் காட்டிக்கொடுத்ததற்குச் சான்றிதழாகியிருந்தது.

ஆசிரியை பயிற்சியை நிறுத்திவிட்டார். "நீங்கள் ஷே பிரபு பக்கமா, கன்பூசியஸ் பக்கமா? சீனத்திலேயே சொல்லுங்கள்" என்றார். அதுவரை அந்த மொழியில் நான் நூலகத்துக்கு வழி கேட்டிருக்கிறேன், விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒரு நிலைப்பாட்டை எடுத்துக் காப்பாற்றியதில்லை. தத்துவ வகுப்பில் கைகொடுக்கும் கலைச்சொற்கள் ஒன்றும் சீனத்தில் என்னிடம் இல்லை. இருந்த சொற்களை வைத்துச் சொன்னேன்: "மகனிடம் கேட்கக் கூடாத ஒன்றை அரசு கேட்டது. கேட்டது அரசின் தப்பு." பக்கத்திலிருந்தவர் உடனே திருப்பினார்: "அந்த அப்பா ஒரு அதிகாரியாக இருந்து, திருடியது ஊர்ப் பணமாக இருந்தால்?" லியு சிங்பிங்கின் கேள்வியேதான், ஆனால் அவர் லியுவைப் படித்தவர் இல்லை. மணி அடித்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. காலையில் ஐந்து வயசாகவும் மதியம் பெரிய ஆளாகவும் இருந்த இருவரும் எனக்குள் சேர்ந்தது அன்றைக்குத்தான். ஒரு மொழியைக் கற்பது என்பது அதில் எதிர்த்துப் பேசும் அளவுக்குக் கற்பதுதான் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். சீனத் துறை எதிர்த்துப் பேச விடாமல் மொழியைக் கற்பித்தது. தத்துவத் துறை மொழியைக் கற்காமலே எதிர்க்க எதுவும் இல்லை என்றது. இரண்டிலும் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இன்னொன்றும் அன்றைக்குத் தெளிவாயிற்று. கன்பூசியஸும் சீனா, ஷி சுவேயும் சீனா, ஹான் ஃபெய்யும் சீனா. சீனப் பண்பாடு இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது, ஏனென்றால் பண்பாடு பதில் சொல்வதில்லை, மனிதர்கள்தான் சொல்கிறார்கள். 2012-இல் திருத்தப்பட்ட சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களும் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆட்டுக்குச் சொந்தக்காரர்

என் பதில் என்ன? இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதற்கெல்லாம் அர்த்தமில்லை. நீதிமன்றத்தின் முன் மகன் வாயைத் திறக்கத் தேவையில்லை என்பதில் நான் கன்பூசியஸ் பக்கம். பிள்ளைகளைச் சாட்சியாக்கி நீதியை நிலைநாட்டும் அரசு என்ன ஆகும் என்பதற்கு 1970 போதும். ஆனால் அவரோடு எனக்கு ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. அந்தச் சில வரிகளில் பிரபு இருக்கிறார், அப்பா இருக்கிறார், மகன் இருக்கிறான், ஆடுகூட இருக்கிறது. ஆட்டைப் பறிகொடுத்தவர் எங்கே?

இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததற்குக் காரணம் மனுநீதிச் சோழன். அந்தக் கதையில் முதலில் வருவதே கன்றைப் பறிகொடுத்த பசு. அதுதான் மணியை இழுக்கிறது, அது இழுக்காவிட்டால் கதையே கிடையாது. மகனைத் தேர்க்காலில் இட்டது நியாயமா என்று கேட்டால், எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் பாதிக்கப்பட்ட உயிர் வாசலில் வந்து நிற்பதை அந்தக் கதை ஒருபோதும் மறக்கவில்லை. பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ'விலும் ஒரு மகன் அப்பாமேல் வழக்குப் போடுகிறான். அங்கே செத்தவர், கட்டிப்போட்டுக் குழியில் கிடந்து பசியிலும் குளிரிலும் போய்ச் சேர்ந்த ஒரு கூலியாள். அவரே ஒரு அடிமையைக் கொன்றவர்தானே என்று குடும்பமே அவரைக் கணக்கில் எடுக்க மறுக்கிறது. யூதிஃப்ரோ மட்டும், செத்தவன் யாரானால் என்ன என்கிறான். சாக்ரட்டீஸிடம் அவன் படும் பாட்டை எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு இடத்தில் அவன் சொன்னது சரி என்பதை வகுப்பில் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கன்பூசியஸின் பக்கமாக நின்று நானே ஒரு பதில் தேடிப் பார்த்தேன். பழைய உரையாசிரியர்கள் சொல்வதைப் பார்த்தால் இது இரவில் பட்டியை உடைத்த திருட்டு இல்லை. தானாக வந்து சேர்ந்த அடுத்தவர் ஆட்டை அப்பா திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார். 'லுன்யூ'வின் 4-ஆம் பிரிவில், பெற்றோர் தப்புச் செய்தால் மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கன்பூசியஸே சொல்கிறார். அவர் வழிவந்த இன்னொரு சிந்தனையாளர் சுன்ட்சியின் நூல் இன்னும் வெளிப்படையாக, அறத்தின் வழி நட, அப்பாவின் வழி அல்ல என்கிறது. இவற்றைச் சேர்த்து வைத்தால் மகன் செய்ய வேண்டியது தெரிகிறது. பிரபுவிடம் போகக் கூடாது, அப்பாவிடம் போக வேண்டும். "அப்பா, ஆட்டைக் கொடுத்துவிடுவோம்" என்று சொல்லி, அவர் கேட்காவிட்டால் திரும்பவும் சொல்லி, எப்படியாவது ஆடு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வைக்க வேண்டும். மறைப்பது அரசிடம் மட்டும்தான், ஆட்டுக்காரரிடம் இல்லை. அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்றும் சிறந்த வழியும் அதுதானே.

ஆட்டுக்கு இது போதும். கொலைக்குப் போதாது. ஷுன்னின் கதையில் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அவன் பேரரசையே இழக்கிறான், அது சின்ன விலை இல்லை. ஆனால் அந்த விலை செத்தவரின் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. கடலோரத்தில் மகனும் அப்பாவும் சந்தோஷமாக இருக்கும்போது அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று மென்சியஸ் சொல்வதில்லை. நீதிபதியைத் தடுக்க மாட்டான் என்ற ஒரு வரியில் அவர்களுக்கான இடம் இருக்கிறது என்று என் வழிகாட்டி வாதிடுகிறார், ஷுன் தப்பித்தாலும் சட்டம் தேடிக்கொண்டுதான் இருக்கும் என்று. எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. இரண்டு துறைக்கும் பொதுவாக நான் எழுதும் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் இப்போதைக்கு அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.